கிளைகள் பல, கண்காணிப்புக் கொள்கை ஒன்று: ஜாபிக்ஸில் மையக் கட்டுப்பாட்டை அமைக்கும் முறை

மதுரை கீழமாசி வீதியில் தலைமைக் கடை, சிந்தாமணிப் பக்கம் ஒரு கிட்டங்கி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஆகிய ஊர்களில் கிளைகள் என்று இயங்கும் ஒரு மளிகை மொத்த வணிக நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு ரவுட்டர், ஒன்றிரண்டு ஸ்விட்சுகள், சில பில்லிங் கணினிகள், கேமராப் பதிவுப் பெட்டி ஆகியவை இருக்கும். இவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு புதிதாக ஒருவரிடம் வரும்போது, அவர் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எல்லை வகுத்துவிடுவதே வழக்கம். தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே தோன்றும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மேலூர் ரவுட்டருக்கு ஒரு விதியும் திருமங்கலம் ரவுட்டருக்கு வேறொரு விதியும் இருக்கும். ஏன் வேறுபடுகின்றன என்பது யாருக்கும் நினைவிருக்காது. இந்த நிலை வராமல், விதிகளை ஒரே இடத்தில் எழுதி எல்லாக் கிளைகளுக்கும் அங்கிருந்தே செலுத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கண்காணிப்பு மென்பொருளாக ஜாபிக்ஸை எடுத்துக்கொள்கிறேன். லாட்வியாவைச் சேர்ந்த அலெக்ஸி விளாடிஷெவ் எழுதி 2001இல் பொதுவெளியில் வெளியிட்ட திறமூல மென்பொருள் இது. உரிமக் கட்டணம் இல்லை. 2024 ஜூனில் வெளிவந்த 7.0 நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மெனுப் பெயர்களையே இங்கே பயன்படுத்துகிறேன். பழைய பதிப்புகளில் சில மெனுக்கள் வேறு இடத்தில் இருக்கும்.

கொள்கை என்று இங்கே சொல்வது நான்கு கேள்விகளுக்கான விடையைத்தான்: எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது, எந்த எல்லையைத் தாண்டினால் அதைப் பிரச்சினை என்று கொள்வது, பிரச்சினையை யாருக்குத் தெரிவிப்பது. ஜாபிக்ஸில் முதல் மூன்றும், பல கருவிகளுக்கு ஒருசேரப் பொருந்தும் வார்ப்புருவான டெம்ப்ளேட்டில் அமைகின்றன. நான்காவது ஆக்‌ஷன் என்னும் பகுதியில் அமைகிறது. கிளைக்குக் கிளை மாற வேண்டிய எண்கள், ஒரு பெயருக்கு மதிப்பு இட்டுவைக்கும் இடமான மேக்ரோவில் அமைகின்றன. விதி டெம்ப்ளேட்டில் மட்டுமே இருக்க வேண்டும், கிளையில் மாறுவது எண்ணாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற இந்தப் பிரிவினையைத் தொடக்கம் முதல் விடாப்பிடியாகக் காத்தால், பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி எழாது.

தொடங்குமுன்

சர்வர் நிறுவப்பட்டு, உலாவியில் அதன் பக்கம் திறக்கிறது என்று கொள்கிறேன். முதல் வேலையாக, மென்பொருளுடன் வரும் நிர்வாகி கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அது உலகறிந்த கடவுச்சொல். கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனைகளுக்கு எஃப்பிங் என்ற சிறு நிரல், சோதனையை நடத்தும் சர்வரிலும் கிளைக் கணினிகளிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது இல்லையென்றால் பிங் ஐட்டங்கள் வேலை செய்யாது (ஐட்டம் என்பது ஒரு கருவியில் பார்க்கும் ஓர் அளவீடு). சர்வரிலும் கிளைகளில் வைக்கப்போகும் கணினிகளிலும் கடிகாரம் இணைய நேரத்தோடு ஒத்துப்போகும்படி வையுங்கள்.

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று பட்டியல்களை எழுதிக்கொள்வது நல்லது: இடங்கள், கருவி வகைகள், செய்தி பெற வேண்டியவர்கள். மூன்றாவது பட்டியலை உரிமையாளரோடும் கிளை மேலாளர்களோடும் பேசித்தான் முடிவு செய்ய முடியும். அதைப் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் இரவு 11 மணிக்கு உசிலம்பட்டி ரவுட்டர் நின்றால் யாரை எழுப்புவது என்பது தொழில்நுட்பக் கேள்வி அன்று. நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு.

பெயர்களும் குழுக்களும்

டேட்டா கலெக்‌ஷன் மெனுவில் ஹோஸ்ட் குரூப்ஸ் பகுதிக்குச் சென்று இரு வகைக் குழுக்களை உருவாக்குங்கள். ஒன்று இடத்தைக் குறிப்பது. மற்றொன்று வகையைக் குறிப்பது. பெயரில் சாய்கோடு இட்டால் அது உட்குழுவாகிவிடும். "கிளை/மேலூர்", "கிளை/திருமங்கலம்" என்றும், "வகை/ரவுட்டர்", "வகை/பில்லிங்" என்றும் பெயரிடலாம். ஹோஸ்ட் என்பது கண்காணிக்கப்படும் ஒரு கருவி; அது எத்தனை குழுக்களிலும் இருக்கலாம் என்பதால் மேலூர் ரவுட்டர் இரண்டு குழுக்களிலும் இடம்பெறும். "மேலூர் ரவுட்டர்கள்" என்று இரண்டையும் சேர்த்து ஒரே குழுவாக்க வேண்டாம். ஐந்து இடமும் நான்கு வகையும் இருந்தால் அந்த வழியில் 20 குழுக்கள் தேவைப்படும். பிரித்து வைத்தால் ஒன்பதே போதும்.

குழுப் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ஹோஸ்ட் பெயருக்கு மட்டும் ஆங்கில எழுத்துகள், எண்கள், இடைவெளி, புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு ஆகியவையே அனுமதிக்கப்படும். அதற்கு அடுத்துள்ள விசிபிள் நேம் கட்டத்தில் "மேலூர் கிளை – முதன்மை ரவுட்டர்" என்று தமிழில் எழுதலாம். எச்சரிக்கைச் செய்தியிலும் அந்தப் பெயரை வரவழைக்க முடியும். கிளை மேலாளர்கள் அந்தச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இந்தச் சிறு வேலைக்குச் செலவிடும் நேரம் வீணாகாது.

கொள்கை டெம்ப்ளேட்டை உருவாக்குதல்

ஜாபிக்ஸோடு நூற்றுக்கணக்கான டெம்ப்ளேட்டுகள் வருகின்றன. புதியவர்கள் அவற்றில் ஒன்றைத் திறந்து, தங்களுக்கு வேண்டிய எண்ணை அதிலேயே மாற்றிவிடுகிறார்கள். பின்னாளில் அந்த டெம்ப்ளேட்டின் புதிய வடிவத்தை இறக்கும்போது அவர்கள் செய்த மாற்றம் அழிந்துபோகும். நகல் எடுத்து மாற்றினால் மாற்றம் நிலைக்கும். ஆனால் மூலத்தில் வரும் திருத்தங்கள் நகலுக்கு வாரா. இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி உண்டு.

டெம்ப்ளேட்ஸ் பகுதியில் "கொள்கை" என்ற பொருள் தரும் பெயரில் வெற்று டெம்ப்ளேட் ஒன்றை உருவாக்குங்கள். ரவுட்டர்களுக்கு ஒன்று, பில்லிங் கணினிகளுக்கு ஒன்று என வகைக்கு ஒன்றாக இருக்கட்டும். அந்தப் படிவத்திலேயே உள்ள டெம்ப்ளேட்ஸ் கட்டத்தில், மென்பொருளோடு வந்த டெம்ப்ளேட்டை உள்ளிணைத்துவிடுங்கள். எளிமைக்காக ஐசிஎம்பி பிங் டெம்ப்ளேட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று ஐட்டங்கள் இருக்கின்றன: கருவி பதில் தருகிறதா, எத்தனை விழுக்காடு பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) தொலைகின்றன, பதில் வர எவ்வளவு நேரமாகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை சோதனை நடக்கும். தொடர்ந்து மூன்று சோதனைகளில் பதில் இல்லையென்றால் உயர்நிலைப் பிரச்சினை எழும். பாக்கெட் இழப்பு 20 விழுக்காட்டைத் தாண்டினாலும், பதில் நேரத்தின் சராசரி 0.15 விநாடியைத் தாண்டினாலும் எச்சரிக்கை எழும். கடைசி இரண்டு எண்களும் அந்த டெம்ப்ளேட்டின் மேக்ரோக்களில் இருப்பவை.

இப்போது உங்கள் கொள்கை டெம்ப்ளேட்டின் மேக்ரோ பகுதியில் அதே பெயருடைய மேக்ரோக்களை எழுதி, உங்கள் மதிப்பை இடுங்கள். மூல டெம்ப்ளேட்டில் எதையும் தொடவில்லை; எனினும் உங்கள் எண்ணே செல்லுபடியாகும். ஏன் என்பதை அடுத்த பகுதி விளக்கும்.

மேக்ரோவால் மாற்ற இயலாதவையும் உண்டு. மேலே சொன்ன "தொடர்ந்து மூன்று சோதனைகள்" என்பது, எப்போது பிரச்சினை எழ வேண்டும் என்று சொல்லும் விதியான டிரிகரின் கோவையிலேயே எழுதப்பட்டுள்ளது. இன்வெர்ட்டர் இல்லாத கிளையில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலே ரவுட்டர் மறுதொடக்கம் ஆகி, இணைப்பு திரும்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் செய்தி வந்தால் ஒரு வாரத்தில் யாரும் செய்தியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இதற்கு, உள்ளிணைப்பால் வந்த அந்த டிரிகரைக் கொள்கை டெம்ப்ளேட்டில் முடக்கிவிட்டு, அதே ஐட்டத்தின் மீது புதிய டிரிகர் ஒன்றை எழுதி, காத்திருக்கும் காலத்தை ஒரு புதிய மேக்ரோவாக வையுங்கள். கொள்கை டெம்ப்ளேட்டில் அதன் மதிப்பு ஐந்து நிமிடமாக இருக்கலாம். நல்ல மின்வசதி உள்ள தலைமைக் கடைக்கு மட்டும் இரண்டு நிமிடம் என்று பின்னர் குறைத்துக்கொள்ளலாம்.

நெட்வொர்க் கருவிகளின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறையான எஸ்என்எம்பி வழியாகப் பார்க்கும் ரவுட்டர்களுக்கும் ஸ்விட்சுகளுக்கும் தயாரிப்பாளர்வாரியாக டெம்ப்ளேட்டுகள் உள்ளன. அவற்றுள் பலவற்றில் பிங் சோதனை முன்பே அடங்கியிருக்கிறது. அத்தகைய டெம்ப்ளேட்டோடு ஐசிஎம்பி பிங் டெம்ப்ளேட்டையும் சேர்த்து இணைக்க முயன்றால், ஒரே சாவி, அதாவது ஒரே அடையாளப் பெயர், உள்ள ஐட்டம் இரண்டு இருப்பதாகச் சொல்லி ஜாபிக்ஸ் மறுத்துவிடும். பிழைச்செய்தி மிரட்டுவதுபோல் இருந்தாலும், இரண்டில் ஒன்றை நீக்கினால் போதும்.

மேக்ரோ: எந்த மதிப்பு வெல்லும்

மேக்ரோவின் பெயர் டாலர் குறியுடன் தொடங்கிச் சுருள் அடைப்புக்குறிகளுக்குள் அமையும். பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், புள்ளி, அடிக்கோடு ஆகியவை மட்டுமே வரலாம். ஒரே பெயர் பல இடங்களில் எழுதப்பட்டிருந்தால் ஜாபிக்ஸ் ஒரு வரிசைப்படி தேடுகிறது. முதலில் ஹோஸ்ட், அடுத்து அந்த ஹோஸ்டோடு நேரடியாக இணைக்கப்பட்ட டெம்ப்ளேட்டுகள், அடுத்து அந்த டெம்ப்ளேட்டுகளுக்குள் இணைக்கப்பட்டவை, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் குளோபல் மேக்ரோ.

மையக் கட்டுப்பாடு என்றதும் குளோபல் மேக்ரோதான் எல்லாவற்றையும் ஆளும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை நேர் எதிரானது. குளோபல் பகுதியில் பாக்கெட் இழப்பு எல்லையை 40 என்று எழுதினாலும், டெம்ப்ளேட்டில் 20 என்று இருக்கும்வரை 20 மட்டுமே செல்லும். வேறெங்கும் எழுதப்படாத மேக்ரோவுக்கு மட்டுமே குளோபல் மதிப்பு உதவும். மேலே நாம் கொள்கை டெம்ப்ளேட்டை இடையில் வைத்ததற்கும் இதுவே காரணம்: ஹோஸ்டோடு நேரடியாக இணைவது கொள்கை டெம்ப்ளேட், மூல டெம்ப்ளேட் அதற்கு அடுத்த அடுக்கில் இருக்கிறது, எனவே நம் மதிப்பே முந்துகிறது. ஒரே ஹோஸ்டோடு நேரடியாக இணைந்த இரண்டு டெம்ப்ளேட்டுகளில் ஒரே பெயருடைய மேக்ரோ இருந்தால், டெம்ப்ளேட்டின் உள் எண்வரிசையே வெற்றியை முடிவு செய்யும். அந்த நிலைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஐயம் வந்தால் ஹோஸ்டின் மேக்ரோஸ் பக்கத்தில், மரபாக வந்தவற்றையும் சேர்த்துக் காட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எந்த மதிப்பு எந்த டெம்ப்ளேட்டிலிருந்து வந்தது, குளோபல் மதிப்பு என்ன என்பவை ஒரே வரியில் தெரியும். இந்தப் பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு "ஏன் இந்த எச்சரிக்கை வந்தது" என்ற கேள்விக்கு விடை எளிதில் கிடைத்துவிடும்.

குளோபல் மேக்ரோவுக்குச் சரியான பயன் ஒன்று உண்டு. கருவியை அணுகக் கடவுச்சொல்போல் பயன்படும் எஸ்என்எம்பி கம்யூனிட்டிச் சொல் அங்கேதான் இருக்கிறது. மென்பொருள் வரும்போது அதன் மதிப்பு எல்லோரும் அறிந்த பொதுச்சொல்லாகவே இருக்கும். உங்கள் கருவிகளில் வேறு சொல்லை அமைத்து, குளோபல் மேக்ரோவில் அதை எழுதி, வகையை ரகசிய உரை என்று மாற்றிவிடுங்கள். அதன்பின் அந்த மதிப்பு யாருக்கும் திரையில் தெரியாது. கருவி இடம் கொடுத்தால் எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துவது இன்னும் பாதுகாப்பானது.

கிளைக்கு வேண்டிய விதிவிலக்கை ஹோஸ்ட் மேக்ரோவில் மட்டும் எழுதுங்கள். சிந்தாமணிக் கிட்டங்கி தகரக் கூரை வேய்ந்தது என்றும், ஸ்விட்ச் பரணில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கத்திரி வெயில் காலத்தில் அதன் வெப்பநிலை மற்ற இடங்களைவிட எப்போதுமே கூடுதலாக இருக்கும். அந்த ஒரு ஹோஸ்டுக்கு வெப்ப எச்சரிக்கை எல்லையைச் சற்று உயர்த்தி, மேக்ரோவுக்கு அருகிலுள்ள விளக்கக் கட்டத்தில் காரணத்தையும் எழுதிவையுங்கள். தீவிர எச்சரிக்கைக்கான எல்லையைத் தொடாதீர்கள். அந்த அளவுக்குச் சூடேறினால் காரணம் எதுவானாலும் ஸ்விட்சை இடம் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இணைத்தலும் பிரித்தலும்

எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் இணைக்க வேண்டாம். மேலூர் ஒன்றை மட்டும் எடுத்து, அதன் ஹோஸ்டுகளில் பழைய டெம்ப்ளேட்டை நீக்கிக் கொள்கை டெம்ப்ளேட்டை இணைத்து, ஒரு வாரம் கவனியுங்கள். மானிட்டரிங் மெனுவின் லேட்டஸ்ட் டேட்டா பக்கத்தில் ஒவ்வோர் ஐட்டத்துக்கும் மதிப்பு வருகிறதா என்பதையும், பிராப்ளம்ஸ் பக்கத்தில் தேவையற்ற எச்சரிக்கைகள் எழுகின்றனவா என்பதையும் பாருங்கள். பிறகு ஹோஸ்ட் பட்டியலில் குழுவைத் தேர்ந்து, மாஸ் அப்டேட் வழியாக மற்ற கிளைகளுக்கும் ஒரேயடியாக இணைத்துவிடலாம்.

பழைய டெம்ப்ளேட்டை நீக்கும்போது இரண்டு தேர்வுகள் வரும். அன்லிங்க் என்பது இணைப்பை மட்டும் துண்டிக்கும். ஐட்டங்களும் டிரிகர்களும் அந்த ஹோஸ்டின் சொந்தப் பொருள்களாக அங்கேயே தங்கிவிடும். அன்லிங்க் அண்ட் கிளியர் என்பது அவற்றையும் அவை சேர்த்துவைத்த பழைய தரவுகளையும் அழித்துவிடும். முதலாவதைத் தேர்ந்தால் அந்த ஹோஸ்டில் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத விதிகள் மிச்சமிருக்கும். மையக் கொள்கையின் நோக்கமே அங்கே தோற்றுப்போகும். பழைய வரைபடங்கள் கட்டாயம் வேண்டும் என்றால் ஒழிய, இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

டெம்ப்ளேட்டிலிருந்து வந்த ஐட்டத்தின் பெயரையும் சாவியையும் ஹோஸ்டில் மாற்ற முடியாது. ஆனால் சோதனை இடைவெளி, டிரிகரின் தீவிரநிலை போன்றவற்றை ஹோஸ்டிலேயே மாற்ற ஜாபிக்ஸ் இடம் தருகிறது. அந்தக் கதவைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

இரவில் மெயினை அணைத்துவிடும் கிளைகள்

நம் பக்கத்துக் கடைகளில் இரவு கணக்கு முடித்துப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது சாதாரணம். அதை நிறுத்தச் சொல்வதில் பயனில்லை. தீவிபத்தை எண்ணித்தான் அப்படிச் செய்கிறார்கள், அது நியாயமும்கூட. ஆகவே கொள்கையே அதற்கு ஏற்றபடி அமைய வேண்டும்.

ஆக்‌ஷனில் கால நிபந்தனை ஒன்றைச் சேர்த்து, காலை 9:30 முதல் இரவு 9 வரை மட்டும் செய்தி அனுப்பச் சொல்லலாம் என்பது முதலில் தோன்றும் வழி. அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த நிபந்தனை, பிரச்சினை தொடங்கிய நேரத்தையே பார்க்கிறது. இரவு 9:15க்கு நின்ற ரவுட்டர் காலையில் கடை திறந்த பிறகும் எழவில்லை என்றால், பிரச்சினை இரவிலேயே தொடங்கிவிட்டதால் செய்தி வராது. பில் போட முடியவில்லை என்று கிளையிலிருந்து தொலைபேசி வரும்போதுதான் உங்களுக்கே தெரியும்.

இதைவிட மெயின்டனன்ஸ் என்னும் பராமரிப்பு நேரத்தைப் பயன்படுத்துவது சரியான வழி. டேட்டா கலெக்‌ஷன் மெனுவில் அதை உருவாக்கி, தினசரி காலமாக, இரவு 8:45க்குத் தொடங்கி 12 மணி 45 நிமிடம் நீடிக்கும்படி அமைத்து, மெயினை அணைக்கும் கிளைகளின் குழுக்களைச் சேருங்கள். வகை, தரவு சேகரிப்புடன் கூடியதாக இருக்கட்டும். அந்த நேரத்தில் எழும் பிரச்சினை அடக்கி வைக்கப்படும். ஆக்‌ஷனில் அடக்கப்பட்ட பிரச்சினைகளுக்குச் செயல்களை நிறுத்திவைக்கும் தேர்வு இயல்பாகவே இடப்பட்டிருக்கும். காலை 9:30க்குப் பராமரிப்பு நேரம் முடியும்போது ரவுட்டர் இன்னும் எழாமல் இருந்தால், செய்தி அப்போது வரும். நமக்கு வேண்டியதும் அதுவே.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பராமரிப்புக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு; அதைச் சில ஆண்டுகள் தள்ளி இட வேண்டும், இல்லையென்றால் அந்தத் தேதிக்குப் பின் ஓசையின்றி நின்றுவிடும். மேலும், பெற்றோர் குழுவான "கிளை"யைத் தேர்ந்தால் அதன் உட்குழுக்கள் அனைத்தும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். இரவில் அணைக்காத கிளையும் அதில் அடங்கிவிடும் என்பதால், உட்குழுக்களைத் தனித்தனியே தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

மின்வாரியம் துணைமின் நிலையப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவிக்கும் பகல்நேர மின்தடைக்கு, ஒருமுறைக் காலம் ஒன்றை அதே இடத்தில் சேர்த்தால் போதும். சித்திரைத் தேரோட்டத்தன்று தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும். அன்று தலைமைக் கடையில் மின்சாரமோ இணைப்போ இடையிடையே போகலாம், கூட்டத்துக்குள் யாரும் போய்ப் பார்க்கவும் முடியாது என்பதால் அந்த நாளையும் முன்பே குறித்துவைக்கலாம். அறிவிப்பு நாளிதழில் வந்ததும் அதைப் பதிவு செய்யும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கிளையில் ஒரு பிராக்சி

கிளைகளின் பிராட்பேண்ட் இணைப்பில் நிலையான முகவரி பெரும்பாலும் இருக்காது. மதுரையிலிருந்து சர்வர் கிளைக்குள் நுழைந்து பார்ப்பதைவிட, கிளையிலிருந்து ஒரு சிறு கணினி வெளியே வந்து சர்வரோடு பேசுவது எளிது. ஜாபிக்ஸ் பிராக்சி இதற்காகவே உள்ளது. பழைய கணினியோ, ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியோ போதும். தரவுத்தளமாக எஸ்க்யூலைட்டை வைத்துக்கொள்ளலாம். ஆக்டிவ் முறையில் அமைத்தால் பிராக்சியே சர்வரின் 10051ஆம் போர்ட்டைத் தேடி வரும். அட்மினிஸ்ட்ரேஷன் மெனுவின் பிராக்சீஸ் பகுதியில் நீங்கள் இடும் பெயரும் பிராக்சியின் அமைப்புக் கோப்பில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பொது இணையம் வழியாகப் பேசுவதாக இருந்தால் முன்பகிர்ந்த சாவியால் குறியாக்கம் செய்யாமல் அந்தப் போர்ட்டைத் திறக்கவே கூடாது.

டெம்ப்ளேட்டில் நீங்கள் செய்யும் மாற்றம் பிராக்சிக்கும் தானாகவே போய்ச் சேரும். 6.4க்கு முந்தைய பதிப்புகளில் பிராக்சி மணிக்கு ஒருமுறைதான் புதிய அமைப்பை வாங்கிக்கொண்டது. இப்போது இயல்பு மதிப்பு 10 விநாடி. பழைய பதிப்பில் இருப்பவர்கள் மாற்றம் எடுபடவில்லை என்று பதறாமல் காத்திருக்க வேண்டியதுதான்.

இணைப்பு அறுந்தால், சேகரித்த தரவைப் பிராக்சி தன்னிடமே வைத்திருந்து இணைப்பு வந்ததும் அனுப்பும். ஆனால் இயல்பாக ஒரு மணி நேரத் தரவை மட்டுமே அப்படி வைத்திருக்கும். சாலையோரம் எங்கோ பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்தால் ஒரு மணி நேரத்தில் சரியாவது அரிது. அமைப்புக் கோப்பில் இணைப்பற்ற காலச் சேமிப்பின் மதிப்பை 24 மணி என்று உயர்த்திவிடுங்கள்.

பிராக்சி வைப்பதால் இன்னொரு நன்மையும் கிடைக்கும். கிளையின் இணைய இணைப்பு போனால், உள்ளேயுள்ள ஸ்விட்சும் கணினிகளும் நின்றுவிட்டதாக வரிசையாகப் பொய்ச் செய்திகள் வாரா. ஏனெனில் அவற்றைப் பார்ப்பது பிராக்சி. பிராக்சி கடைசியாக எப்போது பேசியது என்பதைச் சர்வரின் சொந்த ஆரோக்கிய டெம்ப்ளேட் கவனிக்கும்; அந்த ஒரு செய்தி போதும். அந்த டெம்ப்ளேட் சர்வர் ஹோஸ்டோடு இணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் மெயினை அணைக்கும் கிளையில் பிராக்சியும் நின்றுவிடும். அந்தச் செய்தி எழுவது சர்வர் ஹோஸ்டில் என்பதால் கிளைக்கு அமைத்த பராமரிப்பு நேரம் அதை அடக்காது. பிராக்சியையும், அது வெளியே பேச வேண்டிய ரவுட்டர் முதலிய இணைப்புக் கருவிகளையும் மட்டும் சிறு இன்வெர்ட்டரில் தனியாக இணைப்பதே நேரான தீர்வு.

பில்லிங் கணினிகள் தாமாகச் சேர்வது

பில்லிங் கணினிகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது வீண்வேலை. கணினியின் நிலையை அதிலிருந்தே அனுப்பும் சிறு நிரலான ஏஜென்ட்டை நிறுவும்போது அதன் அமைப்புக் கோப்பில் ஆக்டிவ் சர்வரின் முகவரியாகக் கிளைப் பிராக்சியின் முகவரியையும், கணினி தன்னைப் பற்றிச் சொல்லும் குறிப்பான ஹோஸ்ட் மெட்டாடேட்டாவாகப் பில்லிங் என்று பொருள்படும் ஒரு சொல்லையும் எழுதுங்கள். விண்டோஸ் நிறுவியில் இவற்றைக் கட்டளை வரியிலேயே கொடுக்க முடியும் என்பதால் எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி ஓட்டலாம்.

பிறகு அலர்ட்ஸ் மெனுவில் ஆட்டோரிஜிஸ்ட்ரேஷன் ஆக்‌ஷன்களை இரண்டு தொகுதியாக உருவாக்குங்கள். மெட்டாடேட்டாவில் பில்லிங் என்ற சொல் இருந்தால் வகைக் குழுவில் சேர்த்துப் பில்லிங் கொள்கை டெம்ப்ளேட்டை இணைப்பது முதல் தொகுதி. எந்தப் பிராக்சி வழியாக வந்தது என்பதை நிபந்தனையாக்கி, அந்த ஊரின் குழுவில் சேர்ப்பது இரண்டாவது தொகுதி. பிராக்சி வழியாகப் பதிவாகும் ஹோஸ்டை அதே பிராக்சியே தொடர்ந்து கண்காணிக்கும். இதற்கு ஆக்டிவ் வகை விண்டோஸ் டெம்ப்ளேட்டைத்தான் உள்ளிணைக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பில்லிங் கணினி அணைந்திருப்பதை உயர்நிலைப் பிரச்சினையாக்க வேண்டாம். கூட்டமில்லாத நாளில் இரண்டு கவுண்டரை மூடிவைப்பார்கள். வட்டு நிரம்புவதும் பிரிண்டர் சேவை நிற்பதும்தான் அங்கே முக்கியமானவை.

ரவுட்டரும் ஸ்விட்சும் இப்படித் தாமாகப் பதிவு செய்துகொள்ள மாட்டா. அவை எண்ணிக்கையில் குறைவு என்பதால் கையால் சேர்த்துவிடலாம்.

யாருக்குச் செய்தி, யாருக்கு உரிமை

டிரிகர் ஆக்‌ஷன் ஒன்றில் இடக் குழுவையும் தீவிரநிலையையும் நிபந்தனையாக வைத்து, படிப்படியாக ஏறும் செயல்களை அமையுங்கள். முதல் படியில் கிளை மேலாளருக்கு உடனே, பிரச்சினை நீடித்தால் 15 நிமிடம் கழித்து நெட்வொர்க் பொறுப்பாளருக்கு, ஒரு மணி நேரம் கழித்து உரிமையாளருக்கு என்று வைக்கலாம். படியின் இயல்புக் காலம் ஒரு மணி நேரம் என்பதால் அதை மாற்ற வேண்டியிருக்கும். சரியானதும் தெரிவிக்க வேண்டுமெனில் மீட்புச் செயலைத் தனியே சேர்க்க வேண்டும். அது தானாக வராது.

செய்தி போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அனுமதியைத்தான். ஒரு ஹோஸ்டைப் பார்க்கும் உரிமை இல்லாத பயனருக்கு, ஆக்‌ஷனில் அவர் பெயர் இருந்தாலும், அதன் பிரச்சினை பற்றிய செய்தி போகாது. எனவே கிளை மேலாளரின் பயனர் குழுவுக்கு அவருடைய ஊர்க் குழுவின் மீது படிக்கும் உரிமை கொடுங்கள். எழுதும் உரிமை வேண்டாம். டெம்ப்ளேட் குழுக்களின் மீதான எழுதும் உரிமை இருவருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் இருப்பார். யார் எதை எப்போது மாற்றினார் என்பது ரிப்போர்ட்ஸ் மெனுவின் ஆடிட் லாக்கில் பதிவாகும்.

கொள்கை டெம்ப்ளேட்டில் பெரிய மாற்றம் செய்வதற்கு முன் அதை யாமல் என்ற உரை வடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்து, தேதியிட்டுச் சேமித்துவையுங்கள். ரகசிய மேக்ரோவின் மதிப்பு அந்தக் கோப்பில் வராது என்பதால் அதைத் தனியே பாதுகாப்பான இடத்தில் குறித்துவைக்க வேண்டும்.

புதிய கிளையைச் சேர்க்கும்போது

நிறுவனம் பேரையூரில் ஒரு கிளை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "கிளை/பேரையூர்" குழுவை உருவாக்கி, பிராக்சியை நிறுவி, அந்தப் பிராக்சிக்கான ஆட்டோரிஜிஸ்ட்ரேஷன் ஆக்‌ஷன், மேலாளருக்கான பயனர் குழு, செய்தி ஆக்‌ஷன் ஆகியவற்றைச் சேர்த்து, ரவுட்டருக்குக் கொள்கை டெம்ப்ளேட்டை இணைத்தால் அமைப்பு வேலை முடிந்தது. புதிதாக ஓர் ஐட்டமோ டிரிகரோ எழுத நேர்ந்தால், அதைப் பேரையூர் ஹோஸ்டில் எழுதாமல் கொள்கை டெம்ப்ளேட்டில் எழுதலாமா என்று பாருங்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில், மேலாளருக்குச் சொல்லிவிட்டு, முதலில் ரவுட்டரின் மின்கம்பியைப் பதினைந்து நிமிடம் பிடுங்கிவைத்து, யாருடைய தொலைபேசிக்கு எந்தப் பெயரில் செய்தி வந்தது என்பதை அவரோடு சேர்ந்து சரிபாருங்கள். வெளி இணைப்பும் அந்த ரவுட்டர் வழியாகவே போவதால், கருவியின் செய்தி மின்சாரம் திரும்பி, பிராக்சி தான் சேர்த்துவைத்ததை அனுப்பிய பின்னரே வரலாம். பிராக்சி பேசவில்லை என்ற செய்தி உங்களுக்கு அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். இரண்டாவதாக ஸ்விட்சை மட்டும், பிராக்சியின் கம்பியை நேரே ரவுட்டரில் செருகிவிட்டு, அதே போல் அணைத்துப் பாருங்கள். அந்தச் செய்தி ஐந்தாறு நிமிடங்களில் மேலாளரின் கைக்கு வந்துவிட வேண்டும்.